9 சதவீதம் குறைந்தும் ‘வெற்றி’ இல்லையா? ஓபியாய்டு மரணங்களைத் தடுக்க முயன்ற அமெரிக்க ஆய்வு சொல்வது என்ன?

2019-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய பரிசோதனை அறிவிக்கப்பட்டது. கென்டக்கி, மாசசூசெட்ஸ், நியூயார்க், ஒஹையோ என 4 மாநிலங்கள். அவற்றில் 67 பகுதிகள். அங்கே வசிப்பவர்கள் 80 லட்சத்துக்கும் மேல். ஒதுக்கப்பட்ட நிதி 35 கோடி டாலருக்கும் மேல். இலக்கு ஒன்றே ஒன்றுதான்: ஓபியாய்டு வகை போதையால் நிகழும் மரணங்களை 3 ஆண்டுகளில் 40 சதவீதம் குறைப்பது.

‘ஹீலிங் கம்யூனிட்டீஸ்’ என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வின் முடிவு 2024 ஜூன் மாதம் வெளியானது. திட்டம் நடந்த பகுதிகளில் மரண விகிதம், நடக்காத பகுதிகளைவிட 9 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால், அந்த வித்தியாசம் திட்டத்தால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என ஆய்வாளர்களே எழுதிவிட்டார்கள்.

அப்படியானால் இத்தனை கோடியும் வீணா? சிகிச்சை, மருந்து எல்லாம் பலன் தராதா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, போதை அடிமைத்தனத்தை பொது சுகாதார ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஓபியாய்டு என்றால் என்ன?

அபின் செடியிலிருந்து கிடைக்கும் மார்ஃபின், அதிலிருந்து செய்யப்படும் ஹெராயின், ஆய்வகத்தில் தயாராகும் ஃபென்டனில், மருந்துக் கடையில் சீட்டு கொடுத்து வாங்கும் டிரமடால், டேபென்டடால் போன்ற வலி நிவாரணிகள் என எல்லாமே ஓபியாய்டு குடும்பம்தான். மூளையில் உள்ள ஒரே வகை ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு வலியைக் குறைப்பதுதான் இவற்றின் வேலை.

புற்றுநோய் வலிக்கும், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இவை தேவைப்படும் மருந்துகள். சிக்கல் என்னவென்றால், தொடர்ந்து எடுத்தால் உடல் பழகிவிடும். அதே பலன் கிடைக்க அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். திடீரென நிறுத்தினால் உடல் வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எனப் பாடாய்ப்படுத்தும். அளவு மீறினால் மூச்சுவிடும் வேகம் குறைந்து, ஒரு கட்டத்தில் மூச்சே நின்றுவிடும். ஓவர்டோஸ் மரணம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

எல்லாம் தொடங்கியது 5 வாக்கியத்தில்!

1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு சிறிய கடிதம் வெளியானது. மொத்தமே 5 வாக்கியங்கள். மருத்துவமனையில் இந்த வகை மருந்து கொடுக்கப்பட்ட 11,882 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், அடிமையானதாகப் பதிவானவர்கள் 4 பேர் மட்டுமே என்று அதில் சொல்லப்பட்டிருந்தது.

அந்தத் தகவல் பொய் அல்ல. ஆனால், அது மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்த உள்நோயாளிகளைப் பற்றியது. மாதக்கணக்கில் வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. ஆனால், அடுத்த பல ஆண்டுகளுக்கு ‘இந்த மருந்துகளால் அடிமையாவது அரிது’ என்பதற்கு ஆதாரமாக இந்தக் கடிதம் கைமாறிக்கொண்டே இருந்தது.

2017-ல் கனடா ஆய்வாளர்கள் இதைக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளில், 72 சதவீதம் அதை ‘அடிமையாவது அரிது’ என்பதற்கான ஆதாரமாகவே பயன்படுத்தியிருந்தன. அது உள்நோயாளிகளைப் பற்றிய தகவல் என்பதை 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் குறிப்பிடவே இல்லை.

இதற்கு நடுவே, 1996-ல் பர்டியூ ஃபார்மா நிறுவனத்தின் ‘ஆக்ஸிகான்டின்’ மாத்திரை சந்தைக்கு வந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்ற பிரசாரத்தோடு மருத்துவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அந்த ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றதாக 2007-ல் பர்டியூ தரப்பு குற்றத்தை ஒப்புக்கொண்டு, சுமார் 60 கோடி டாலர் செலுத்த சம்மதித்தது. 2020-ல் இன்னொரு வழக்கிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆனால், அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது.

மூன்று அலைகள்

அமெரிக்க நெருக்கடியை ஆய்வாளர்கள் 3 அலைகளாகப் பிரிக்கிறார்கள்.

* 1990-களின் இறுதியில் தொடங்கியது மருந்துச்சீட்டு மாத்திரைகளின் அலை.
* 2010-ல் தொடங்கியது ஹெராயின் அலை.
* 2013 வாக்கில் தொடங்கியது ஃபென்டனில் அலை. ஹெராயினைவிட சுமார் 50 மடங்கு வீரியம் கொண்ட பொருள் இது. வெறும் 2 மில்லிகிராமே உயிரைப் பறிக்கலாம் என்கிறது அமெரிக்க போதைத் தடுப்பு அமைப்பு.

2022-ல் மட்டும் அமெரிக்காவில் ஓவர்டோஸ் காரணமாக இறந்தவர்கள் 1 லட்சத்து 7 ஆயிரத்துக்கும் அதிகம். அதில் சுமார் 82 ஆயிரம் மரணங்களில் ஓபியாய்டுகளுக்குப் பங்கு இருந்தது.

முதல் கேள்வி: எத்தனை பேர்?

எந்த நோயாக இருந்தாலும் பொது சுகாதாரத்துறை முதலில் கேட்பது ‘எத்தனை பேருக்கு?’ என்பதைத்தான். காசநோய், டெங்கு என்றால் பரிசோதனை இருக்கிறது. போதைக்கு அடிமையானவரை எப்படி எண்ணுவது?

வீடு வீடாகப் போய்க் கேட்பது ஒரு வழி. அமெரிக்க அரசு ஆண்டுதோறும் அப்படி ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. ஆனால், சிறையில் இருப்பவர்களும் காப்பகத்துக்குக்கூட போகாமல் தெருவில் வாழ்பவர்களும் அதில் வர மாட்டார்கள். பாதிப்பு அதிகம் இருக்கும் இடமே கணக்கில் விடுபட்டுப் போகிறது. வீட்டில் இருப்பவரும் கதவைத் தட்டிக் கேட்கும் அதிகாரியிடம் ‘ஆமா சார், எடுக்கிறேன்’ என்று சொல்வாரா என்ன?

இதற்கு மாசசூசெட்ஸ் மாநிலம் வேறொரு வழியைப் பிடித்தது. 2015-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, மருத்துவமனை, ஆம்புலன்ஸ், மருந்துச்சீட்டு, சிறை, இறப்புப் பதிவு என வெவ்வேறு துறைகளில் சிதறிக் கிடந்த தகவல்களை, பெயர் அடையாளம் வெளியே தெரியாதபடி ஒன்றாக இணைத்தது.

அதை வைத்து ஆய்வாளர்கள் செய்தது ஒரு சுவாரசியமான கணக்கு. ஏரியில் எத்தனை மீன் இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றால், முதலில் கொஞ்சம் மீனைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுவார்கள். மறுபடி வலை வீசும்போது அடையாளமிட்ட மீன் எத்தனை சிக்குகிறது என்று பார்ப்பார்கள். நிறைய சிக்கினால் ஏரியில் மீன் குறைவு. ஒன்றிரண்டே சிக்கினால் வலைக்கு வராத மீன் ஏராளம். அதே மாதிரி, ஒருவர் பெயர் எத்தனை பதிவேடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்த்து, எந்தப் பதிவேட்டிலும் வராதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள்.

கிடைத்த விடை: 2015-ல் அந்த மாநிலத்தில் 11 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 சதவீதம் பேருக்கு ஓபியாய்டு பிரச்சினை. அதாவது, 100 பேரில் கிட்டத்தட்ட 5 பேர்.

இரண்டாவது கேள்வி: யாருக்கு, எப்போது ஆபத்து?

பதிவேடுகளை இணைத்ததில் இன்னொன்றும் வெளியே வந்தது. சிறையிலிருந்து அண்மையில் விடுதலையானவர்கள் ஓபியாய்டு ஓவர்டோஸால் இறக்கும் விகிதம், மாநிலத்தின் மற்ற வயது வந்தவர்களைவிட 120 மடங்கு அதிகமாக இருந்தது.

இது புதிய செய்தி அல்ல. வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30 ஆயிரம் கைதிகளைப் பற்றி 2007-ல் வெளியான ஆய்விலும், முதல் 2 வாரங்களில் ஓவர்டோஸ் மரண ஆபத்து சாதாரண மக்களைவிட 129 மடங்கு என்றே தெரிந்தது.

காரணம் எளிமையானது. சிறையில் போதை கிடைக்காமல் இருந்ததால் உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிடுகிறது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுக்கிறார்கள். உடல் தாங்குவதில்லை. பலவந்தமாக ‘விடவைத்து’ சிகிச்சை இல்லாமல் வெளியே அனுப்புவது எவ்வளவு ஆபத்து என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன.

ரோட் ஐலேண்ட் மாநிலம் இதைக் கேட்டு செயலில் இறங்கியது. 2016-ல் மாநிலச் சிறைகளுக்குள்ளேயே மருந்து சிகிச்சை தொடங்கப்பட்டது. வெளியே வந்த பிறகும் அது தொடர ஏற்பாடு செய்யப்பட்டது. 2016-ன் முதல் 6 மாதங்களில், அண்மையில் சிறையிலிருந்து வந்து ஓவர்டோஸால் இறந்தவர்கள் 26 பேர். 2017-ன் முதல் 6 மாதங்களில் 9 பேர்.

‘ஒரு போதைக்கு பதில் இன்னொன்றா?’

மருந்து சிகிச்சை என்றால் முக்கியமாக 2 மருந்துகள். மெத்தடோன், புப்ரெனார்ஃபின். இரண்டுமே ஓபியாய்டுகள்தான். அதனாலேயே ‘ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையைக் கொடுப்பதா?’ என்ற கேள்வி மெத்தடோன் சிகிச்சை அறிமுகமான 1960-களிலிருந்தே கேட்கப்படுகிறது.

வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஹெராயின் சட்டென ஏறி சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மீண்டும் தேடி அலைய வேண்டும். இந்த மருந்துகள் மெதுவாக, நீண்ட நேரம் வேலை செய்யும். சரியான அளவில் கொடுத்தால் ‘ஏறுவதும்’ இல்லை, உடல் தவிப்பதும் இல்லை. அந்த நபர் வேலைக்குப் போகலாம், குடும்பத்தைப் பார்க்கலாம். புப்ரெனார்ஃபினுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒரு அளவுக்கு மேல் அதன் விளைவு கூடாது.

பேச்சு இருக்கட்டும், எண் என்ன சொல்கிறது? மாசசூசெட்ஸில் 2012 முதல் 2014 வரை ஓவர்டோஸில் உயிர் பிழைத்த 17,568 பேரை ஆய்வாளர்கள் ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். மெத்தடோன் எடுத்தவர்களிடையே ஓபியாய்டு தொடர்பான மரணம் 59 சதவீதம் குறைவு. புப்ரெனார்ஃபின் எடுத்தவர்களிடையே 38 சதவீதம் குறைவு.

ஆனால், அதே ஆய்வு சொன்ன அதிர்ச்சி வேறு. சாவின் விளிம்புவரை போய் வந்த இவர்களில், அடுத்த ஓராண்டில் ஏதாவது ஒரு மருந்து சிகிச்சை கிடைத்தது 10-ல் 3 பேருக்குத்தான். மெத்தடோன் வாங்க தனி அனுமதி பெற்ற மையங்களுக்கு, பெரும்பாலும் தினமும் போக வேண்டியிருந்தது. புப்ரெனார்ஃபின் எழுதித்தர 2022 டிசம்பர் வரை மருத்துவர்களுக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. ஆபத்தான வலி நிவாரணியை எழுத அந்த அனுமதி தேவையில்லை, அதிலிருந்து மீட்கும் மருந்தை எழுத மட்டும் தேவை என்ற முரண்பாடு 20 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது.

பக்கத்தில் இருப்பவர் கையில் ஒரு ஸ்ப்ரே

மூன்றாவது ஆயுதம் நலாக்சோன். ஓபியாய்டு ஒட்டியிருக்கும் ஏற்பிகளிலிருந்து அதைத் தள்ளிவிட்டு, நின்றுபோகும் மூச்சைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இது. மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வடிவில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். 2023 மார்ச்சில், மருந்துச்சீட்டு இல்லாமலே இதை விற்க அமெரிக்கா அனுமதித்தது.

‘காப்பாத்த மருந்து கையில் இருக்குன்னு தெரிஞ்சா இன்னும் அதிகமா எடுக்க மாட்டாங்களா?’ என்று கேட்பவர்கள் உண்டு. மாசசூசெட்ஸின் 19 ஊர்களில் நடந்த, 2013-ல் வெளியான ஆய்வு இதற்கு ஓரளவு பதில் தருகிறது. போதைப் பழக்கம் உள்ளவர்கள், அவர்களது நண்பர்கள், குடும்பத்தினருக்கு நலாக்சோன் கொடுத்துப் பயிற்சியும் தந்தார்கள். குறைவான பேர் பயிற்சி பெற்ற ஊர்களில் ஓவர்டோஸ் மரண விகிதம் 27 சதவீதமும், அதிகம் பேர் பயிற்சி பெற்ற ஊர்களில் 46 சதவீதமும், திட்டம் இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால் குறைவாக இருந்தது.

நல்ல எண்ணம், கெட்ட விளைவு

எல்லா நடவடிக்கையும் இப்படிப் பலன் தருவதில்லை. 2010 ஆகஸ்டில் ஆக்ஸிகான்டின் மாத்திரை, எளிதில் பொடியாக்க முடியாதபடி மாற்றப்பட்டது. பொடியாக்கி உறிஞ்சுவதையும் ஊசியாகப் போட்டுக்கொள்வதையும் தடுப்பதுதான் நோக்கம். மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவது குறைந்தது உண்மைதான்.

ஆனால் என்ன ஆனது? பொருளாதார ஆய்வாளர்கள் மாநிலங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எந்த மாநிலங்களில் அந்த மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவது அதிகம் இருந்ததோ, அங்கேதான் 2010-க்குப் பிறகு ஹெராயின் மரணங்கள் வேகமாக ஏறின. மாத்திரை கிடைக்காதவர்கள் ஹெராயினுக்குப் போய்விட்டார்கள். ஏற்கெனவே அடிமையானவருக்கு சிகிச்சை தராமல் கதவை மட்டும் சாத்தினால், அவர் அதைவிட ஆபத்தான கதவைத் தட்டுவார் என்பதுதான் இதில் கிடைத்த பாடம்.

சரி, ‘ஹீலிங்’ ஆய்வில் என்னாச்சு?

இதுவரை பார்த்த பெரும்பாலான ஆய்வுகளில் ஒரு குறை இருக்கிறது. நடந்ததைத் திரும்பிப் பார்த்து ஒப்பிட்டவை அவை. மருந்து எடுத்தவர்கள் இயல்பாகவே அக்கறை அதிகம் உள்ளவர்களாக இருந்திருக்கலாம். மரணம் குறைந்ததற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் ‘ஹீலிங்’ ஆய்வில் குலுக்கல் முறை வந்தது. 67 பகுதிகளில் 34 பகுதிகளுக்குத் திட்டம் முதலில். மீதி 33 பகுதிகளுக்குப் பிறகு. எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதை அதிகாரிகள் தேர்ந்தெடுக்கவில்லை. உள்ளூர் மக்கள், மருத்துவர்கள், சிறைத்துறையினர் எனக் குழு அமைத்து, தங்கள் ஊருக்கு எது தேவை என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். நலாக்சோன் விநியோகம், மருந்து சிகிச்சை, பாதுகாப்பான மருந்துச்சீட்டு ஆகிய மூன்றும் மையமாக இருந்தன.

2021 ஜூலை முதல் 2022 ஜூன் வரையிலான மரணங்கள் எண்ணப்பட்டன. திட்டம் நடந்த பகுதிகளில் லட்சம் பேருக்கு 47.2 மரணம். மற்ற பகுதிகளில் 51.7.

9 சதவீத வித்தியாசம் இங்கேதான் வருகிறது. ஆனால், இத்தனை ஊர்களை வைத்துப் பார்க்கும்போது, உண்மையான விளைவு 24 சதவீதம் குறைவு என்பதிலிருந்து 9 சதவீதம் அதிகம் என்பது வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். அதாவது பலன் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். ‘பலன் நிரூபணம் ஆகவில்லை’ என்பதும், ‘பலன் இல்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது’ என்பதும் ஒன்றல்ல.

ஏன் இப்படி ஆனது? காரணங்களாக முன்வைக்கப்படுபவை இவை:

* கொரோனா: திட்டம் தொடங்கிய நேரத்திலேயே பெருந்தொற்று வந்தது. கூட்டம் நடத்துவது முதல் ஆள் எடுப்பது வரை எல்லாம் தள்ளிப்போனது.
* பாதி வழியில் பரீட்சை: ஊர்கள் தேர்ந்தெடுத்த 615 நடவடிக்கைகளில், மரணங்களை எண்ணத் தொடங்கிய நாளில் செயல்பாட்டுக்கு வந்திருந்தவை 235 மட்டுமே. அதாவது 38 சதவீதம்.
* ஃபென்டனில்: ஹெராயின் காலத்தை மனதில் வைத்து உருவான வழிமுறைகள், பல மடங்கு வீரியமான பொருளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது.
* எதிர்ப்பு: மருந்து சிகிச்சை மையம் வேண்டும் என்பார்கள். ‘எங்க தெருவில் வேண்டாம்’ என்றும் சொல்வார்கள். உலகம் முழுக்க நடக்கும் கதைதான்.

ஆக, ‘மருந்து பலன் தருமா?’ என்ற கேள்விக்கு முந்தைய ஆய்வுகளின் பதில் அப்படியே நிற்கிறது. ஹீலிங் ஆய்வு கேட்டது வேறு கேள்வி: ‘பலன் தரும் மருந்தை ஒரு ஊர் முழுக்க, குறுகிய காலத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா?’. அதற்குக் கிடைத்த பதில், ‘நினைத்த வேகத்தில் முடியவில்லை’ என்பதே.

இப்போது நிலைமை என்ன?

2024-ல் அமெரிக்காவில் ஓவர்டோஸ் மரணங்கள் சுமார் 80 ஆயிரமாகக் குறைந்ததாக சிடிசி எனப்படும் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தற்காலிகக் கணக்கு சொல்கிறது. ஒரே ஆண்டில் சுமார் 27 சதவீத வீழ்ச்சி. நலாக்சோன் பரவலானது, சிகிச்சை எளிதானது, சந்தையில் வரும் ஃபென்டனிலின் தன்மை மாறியது, ஆபத்தில் இருந்த பலர் ஏற்கெனவே இறந்துபோனது எனப் பல காரணங்கள் விவாதிக்கப்படுகின்றன. கடைசிக் காரணம் உண்மையாக இருந்தால், அந்த வீழ்ச்சியைக் கொண்டாட முடியாது. அதனால்தான் குறைந்தது என்பதோடு நிற்காமல், எதனால் குறைந்தது என்பதையும் ஆய்வாளர்கள் தோண்டுகிறார்கள்.

இந்தியாவுக்கு இதில் என்ன?

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் ஓபியாய்டு பயன்படுத்துபவர்கள் 2.06 சதவீதம் பேர். ஏறத்தாழ 2.26 கோடி. இந்த ஆய்வும் வீட்டுக் கணக்கெடுப்பை மட்டும் நம்பவில்லை. 186 மாவட்டங்களில் 2 லட்சம் வீடுகளுக்குப் போனதோடு, போதைப் பழக்கத்தில் உள்ளவர் மூலமாகவே அவருக்குத் தெரிந்த அடுத்தவரைக் கண்டடையும் முறையில் 72 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் பேசியது.

புப்ரெனார்ஃபின் சிகிச்சை இங்கேயும் உண்டு. ஊசி மூலம் எச்ஐவி பரவுவதைத் தடுக்க தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு இதை வழங்குகிறது. பஞ்சாபில் அரசு புறநோயாளி மையங்களில் தனித் திட்டமாகவே நடக்கிறது. தமிழ்நாட்டில் வலி நிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்வது பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. அவற்றில் எத்தனை மாத்திரை பிடிபட்டது, எத்தனை பேர் கைது என்பது இருக்கும். பிடிபட்ட இளைஞருக்கு சிகிச்சை கிடைத்ததா, வெளியே வந்தபின் உயிரோடு இருக்கிறாரா என்பது இருக்காது.

அமெரிக்கா 40 ஆண்டுகளில் கற்றதைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: 5 வாக்கியக் கடிதத்தை முழுசாகப் படிக்காமல் நம்பியதில் தொடங்கியது இந்தக் கதை. ‘9 சதவீதம்தானே, தோல்வி’ என்று ஒரே வரியில் படித்துவிட்டு சிகிச்சைக்கான பணத்தை வெட்டினால், அதே தவறை இன்னொரு பக்கத்திலிருந்து செய்ததாகிவிடும்.

(போதைப் பழக்கத்திலிருந்து விடுபட உதவி தேவைப்படுவோர், அவர்களது குடும்பத்தினர், மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446-ஐ அழைக்கலாம்.)